கரையிறங்க விடப்படாத தமிழர்

1908 ஆகஸ்ட் 16 அன்று, தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் ஹமீதிய்யா பள்ளிவாசல் திடலில், இந்தியர்கள் 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களைத் தீயிலிட்டனர். இந்து, முஸ்லிம் என்ற வேற்றுமை அங்கு இல்லை. சான்றிதழ் காட்ட மறுத்தோரை டிரான்ஸ்வால் அரசு சிறையிலிட்டது. 1910-இல் தமிழர் பலரை இந்தியாவுக்கு நாடு கடத்தியது. சென்னையில் அவர்களை 'இந்தியன் ரிவியூ' ஆசிரியர் ஜி. ஏ. நடேசன் பரிவுடன் ஆதரித்தார்.

எனினும் சிலர் போராட்டக் களத்திற்கே திரும்பினர். அவர்களுள் ஏ. நாராயணசாமி என்பார் டர்பனிலும் பிற துறைமுகங்களிலும் கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்டார். கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்ட அவர், அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் உயிர் துறந்தார்.

எல்லையில் வருவோரை விசாரிப்பதும், நுழைவை மறுப்பதும் அரசுகளின் அதிகாரத்திற்கு உட்பட்டவையே. ஆயின் அவ்வதிகாரத்திற்கும் ஒரு வரம்புண்டு. 'அமான்' எனும் அபயம் பெற்று வந்த அந்நியரைத் திருப்பியனுப்ப நேரிடினும், அவர் அச்சமற்றிருக்கும் இடத்தில் சேர்ப்பிப்பது கடமை என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. வாயிலை அடைப்பவர், வெளியே நிற்பவரின் உயிருக்குப் பொறுப்பேற்க வேண்டும். நாராயணசாமியின் விஷயத்தில் தவறியது இப்பொறுப்பே. பெயரையும் தோற்றத்தையும் கண்டு பயணிகள் துருவி வினவப்படும் இக்காலத்திலும் அரசுகளை நாம் இவ்வளவுகோலாலேயே அளத்தல் வேண்டும்.