கடல்மேல் இறங்கிய ஜெட் விமானம்

பழகிய விமானிக்குத் தரையில் விமானத்தை இறக்குதல் அரிய செயலன்று. ஓடுபாதை நீண்டது, அசையாதது. நடுக்கடலில் விரையும் கப்பலின் மேல்தளத்தில் இறக்குவதோ முற்றிலும் வேறான காரியம். அத்தளம் நீளமும் அகலமும் குறைந்தது. அலைக்கேற்ப எழும், தாழும். விமானத்தின் வாலிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகளுள் ஒன்றைப் பற்றினால்தான் விமானம் நிற்கும். இத்தகைய இடத்தில் ஜெட் விமானம் இறங்கக் கற்ற வரலாற்றை நம் காலனிக் குடும்பத்தினர், சிறப்பாக மாணவச் செல்வங்கள், அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இதனை எழுதலானேன்.

முதல் முயற்சி

இரண்டாவது உலக மகாயுத்தம் முடிவதற்கு முன்னரே ஜெட் விமானம் தோன்றிவிட்டது. எனினும் கப்பற்படையினர் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். புரொப்பெல்லர் விமானத்தில் விசையைக் கூட்டினால் உடனே பலன் கிட்டும். அக்காலத்து ஜெட் எஞ்சினோ விசையைக் கூட்டிய பின்னும் வேகம் பிடிக்கச் சில வினாடிகள் தாமதிக்கும். தளத்தை நெருங்கும் விமானிக்கு அச்சில வினாடிகளே உயிர். மேலும், ஜெட் விமானம் எரிபொருளை மிகுதியாக உட்கொள்ளும், வேகமாக இறங்கும்.

இந்த ஐயங்களுக்கிடையே, 1945 டிசம்பர் 3-ஆம் நாள், பிரிட்டிஷ் கப்பற்படை விமானியான எரிக் பிரவுன் ‘சீ வாம்பயர்’ என்னும் விமானத்தை ‘ஓஷன்’ என்ற கப்பலில் இறக்கிக் காட்டினார். ஜெட் எஞ்சின் ஒன்றையே நம்பிய விமானம் கப்பலில் இறங்கியது உலகில் அதுவே முதன்முறை. தம் வாழ்நாளில் 2,407 முறை கப்பல்தளத்தில் இறங்கிய அவ்வீரர், 2016-இல் 97-ஆம் வயதில் காலமானார்.

அமெரிக்கரும் பின்தங்கவில்லை. 1946 ஜூலை 21-இல் அவர்களுடைய ‘பாண்டம்’ விமானம் ‘பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்’ கப்பலில் இயங்கியது. 1950 ஜூலை 3-இல், கொரியா யுத்தத்தில், ‘வாலி போர்ஜ்’ என்னும் கப்பலினின்று ‘பாந்தர்’ ஜெட் விமானங்கள் புறப்பட்டுப் போரிட்டன. கப்பலிலிருந்து எழுந்த ஜெட் விமானங்கள் போர் கண்டது அதுவே முதல்.

இடர்ப்பாடு

ஆயினும் பெருங்குறை ஒன்று நீடித்தது. அக்காலத்துக் கப்பல்களில் இறங்கும் பாதை நேராக முன்னோக்கிச் சென்றது. தளத்தின் முற்பகுதியிலோ முன்னரே இறங்கிய விமானங்கள் நிறுத்தப்பட்டிருக்கும். அருகே பணியாட்கள் நடமாடுவர். கொக்கி கம்பியைப் பற்றத் தவறினால், விமானம் தடுப்பில் மோதும். அதனையும் கடந்தால் நிற்கும் விமானங்களின் மேற்பாயும். மீண்டும் மேலெழுந்து மறுமுறை முயல வழியில்லை. ஒருவர் தவறுக்குப் பலர் உயிர் ஈடாகும் நிலை அது.

மூன்று தீர்வுகள்

இக்குறையைப் போக்கியவை மூன்று புதுமைகள். மூன்றும் பிரிட்டிஷ் கப்பற்படையில் முளைத்தவை.

முதலாவது, சாய்கோணத் தளம். 1951-இல் டென்னிஸ் கேம்பல் என்னும் கேப்டன், இறங்கும் பாதையைக் கப்பலின் நடுக்கோட்டினின்று இடப்புறமாகச் சற்றே திருப்பிவிடலாமே என்றார். அவ்வாறு திருப்பினால், கம்பியைத் தவறவிட்ட விமானத்தின் முன்னே திறந்த கடலே இருக்கும். விமானி விசையைக் குறைக்காமல் மேலெழுந்து, சுற்றி வந்து மறுபடியும் முயலலாம். 1953-இல் அமெரிக்காவின் ‘ஆண்டீடம்’ கப்பல் இத்தகைய தளத்துடன் பரிசோதனைக்கு வந்தது.

இரண்டாவது, நீராவிக் கவண். கனத்த ஜெட் விமானத்தைக் குறுகிய தொலைவில் வீசியெறியப் பழைய சாதனங்களுக்கு வலிமை போதவில்லை. காலின் மிட்செல் என்பவர் தளத்தின் அடியில் நீண்ட சிலிண்டர்களை அமைத்து, கப்பலின் கொதிகலன் நீராவியையே அவற்றுள் செலுத்தி, பிஸ்டன் விமானத்தை இழுத்தெறியுமாறு செய்தார். ரயில்வேயில் ஊழியம் செய்யும் என் போன்றோர்க்கு இதில் ஒரு பெருமிதம் உண்டு. ரயில் வண்டியை இழுத்த நீராவியும் பிஸ்டனுமே ஜெட் விமானத்தையும் வானிலேற்றின அன்றோ!

மூன்றாவது, கண்ணாடி. முன்னெல்லாம் தளத்தின் ஓரத்தில் ஒருவர் நின்று, கையில் மட்டைகளை அசைத்து விமானிக்குச் சைகை காட்டுவார். ஜெட்டின் வேகத்திற்கு அது ஈடுகொடுக்கவில்லை. நிக்கலஸ் குட்ஹார்ட் என்பவர், கண்ணாடியில் தெரியும் ஒளிப்பொட்டும் பக்கவாட்டு விளக்குகளும் ஒரே வரிசையில் தோன்றினால் இறங்கும் பாதை சரியென்று விமானியே அறியும்படி செய்தார்.

நம் நாட்டில்

இம்மூன்றும் அமைந்த கப்பலே நம் பழைய ‘விக்ராந்த்’. 1961 மார்ச் 4-இல் பெல்பாஸ்ட் நகரில் அது நம் கப்பற்படையில் சேர்ந்தது. அவ்வாண்டு மே 18-இல் அதன் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் தஹிலியானி. பிற்காலத்தில் அவரே கப்பற்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். விக்ராந்தின் ஜெட் போர்விமானம் ‘சீ ஹாக்’. கோயம்புத்தூரையடுத்த சூலூரில் 1961-இல் ‘ஹன்ஸா’ என்னும் கப்பற்படை விமானத்தளம் தொடங்கப்பெற்றது தமிழர் நினைவிற்கொள்ளத்தக்கது; 1964-இல் அது கோவாவுக்கு மாற்றப்பட்டது.

1971 டிசம்பர் 4-இல் வங்கக் கடலில் நின்ற விக்ராந்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜார், சிட்டகாங் ஆகிய இடங்களைத் தாக்கின. அப்போது கப்பலின் நான்கு கொதிகலன்களுள் ஒன்று பழுதுற்றிருந்தது; முழு வேகத்தில் செல்ல இயலவில்லை. அந்நிலையிலும் அது தன் கடமையைச் செய்து முடித்தது. 1983-இல் சீ ஹாக் ஓய்வு பெற்றது. 1997-இல் கப்பலும் பணியினின்று நீங்கியது. அப்பெயர் தாங்கிய புதிய கப்பல், கொச்சியில் நம்மவராலேயே கட்டப்பெற்று, 2022 செப்டம்பர் 2-இல் கப்பற்படையில் சேர்ந்தது. அதில் நீராவிக் கவண் இல்லை; மேல்நோக்கி வளைந்த முகப்பிலிருந்து விமானங்கள் எழுகின்றன. சாய்கோணத் தளம் மட்டும் இன்றும் நிலைத்துள்ளது.

போர்க்கருவிகளைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தளத்தைச் சற்றே திருப்பி வைத்த ஒரு சிறு யோசனை எத்தனையோ இளைஞரை வீடு திரும்பச் செய்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. தவறிவிட்டவனைத் தண்டிப்பதற்கு முன், அவன் மறுமுறை முயல இடம் வைத்திருக்கிறோமா என்று வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.

வாழ்க பாரதம்! வளர்க நம் சங்கம்!