அரசு விருந்து கேட்ட சாக்ரடீஸ்

வகுப்புக்கு அரைமணி நேரம் கழித்து வரும் மாணவனிடம், "ஏனப்பா இவ்வளவு சீக்கிரம்? நாளைக்கு வந்திருக்கலாமே" என்று நானும் கேட்டிருக்கிறேன். பொருந்தாத ஒன்றைச் சொல்லி உள்ளதைக் குத்திக்காட்டும் பேச்சு இது. உண்மை நிலை இருவருக்கும் தெரிந்திருப்பதால் பொருள் உடனே விளங்கிவிடும். அந்தப் பொதுப் புரிதல் இல்லாத அவையில் இத்தகைய பேச்சு என்னவாகும் என்பதைக் கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரில் நடந்த வழக்கில் காணலாம்.

இளைஞர்களைக் கெடுத்தார், நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை என்பவை சாக்ரடீஸ் மீதான குற்றச்சாட்டுகள். ஏறத்தாழ 500 குடிமக்கள் நடுவர்களாக அமர்ந்து, அவரைக் குற்றவாளி என்றனர். 30 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்கிறது பிளேட்டோவின் பதிவு. இவ்வகை வழக்கில் தண்டனை இன்னதென்று சட்டம் வரையறுக்கவில்லை. வழக்குத் தொடுத்தவர் ஒரு தண்டனையையும் குற்றவாளி வேறொன்றையும் முன்மொழிவர். நடுவர்கள் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். மெலிட்டஸ் மரண தண்டனை கேட்டார். சாக்ரடீஸ் நாடுகடத்தலைக் கேட்டிருந்தால் பெரும்பாலும் உயிர் தப்பியிருக்கும்.

அவர் கேட்டதோ பிரிட்டானியத்தில் சாப்பாடு! ஒலிம்பிக் வெற்றியாளர் போன்றோருக்குப் பொதுச் செலவில் உணவளித்துச் சிறப்பிக்கும் நகர மண்டபம் அது. பந்தயத்தில் வென்றவருக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, எனக்கோ உண்டு. மேலும் நான் உங்களுக்கு அவரைவிடப் பெரிய நன்மை செய்கிறேன் என்ற பொருள்பட வாதாடினார்.

இது கேலிதானா? தாமதமாக வந்தவனைக் கேட்ட நான், கேட்டதை நம்பவில்லை. சாக்ரடீஸ் நம்பினார். நன்மை செய்தவனுக்குத் தண்டனை தேடும் அந்த நடைமுறைதான் அவர் கண்ணுக்கு அபத்தமாகப் பட்டது. 'ஐரனி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு அன்று, அறியாதவன்போல் நடித்து ஏய்த்தல் என்னும் வசைப்பொருள் இருந்தது. வாய்மூடி வாழ்வது இறைவனுக்குக் கீழ்ப்படியாமை என்று சொன்னால், நான் அப்படி நடிப்பதாக எண்ணி நம்பமாட்டீர்கள் என்று அதே உரையில் அவரே சொல்கிறார்.

செனபோன் எழுதியதில் இந்தச் சாப்பாட்டுப் பேச்சு இல்லை. தண்டனை எதையும் முன்மொழிய சாக்ரடீஸ் மறுத்தார் என்றே உள்ளது. பிளேட்டோவின்படி, அவர் பிறகு ஒரு மினா அபராதம் தர முன்வந்தார். நண்பர்கள் பிணைநிற்க அது 30 மினா ஆயிற்று. சிறு தொகையன்று, ஒரு மினா என்பதே 100 திராக்மா. ஆயினும் அவை மனம் மாறவில்லை. குற்றவாளி என்று சொன்னவர்களைவிட 80 பேர் கூடுதலாக மரணத்துக்கு வாக்களித்தனர் என்று, பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ் குறிக்கிறார்.