வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: இங்கிலாந்தில் ஸ்கிரீனிங்கும் அறுவை சிகிச்சையும் வளர்ந்த வரலாறு

முன்னுரை

பெருந்தமனி வயிற்றுப் பகுதியில் ஏறத்தாழ 2 செ.மீ. விட்டமுடையது. அதன் சுவர் தளர்ந்து 3 செ.மீ. அளவை எட்டினால் வீக்கம் எனப்படும். புகைபிடித்த முதிய ஆண்களிடம் இது மிகுதி. பெரும்பாலும் வலி இராது. வெடித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இந்நோய்க்கான ஸ்கிரீனிங், திட்டமிட்ட அறுவை சிகிச்சையின் பாதுகாப்பைச் சார்ந்தே வளர்ந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அறுவை சிகிச்சையின் தொடக்கம்

1948இல் இயற்பியலாளர் ஐன்ஸ்டைனின் வீக்கத்தை அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன் செலோஃபேனால் சுற்றிவிட்டார். அகற்றும் முறை அன்று இல்லை. 1951இல் பாரிஸில் சார்ல் துபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டியெடுத்து, இறந்தவர் உடலிலிருந்து பெற்ற தமனியைப் பொருத்தினார். விரைவில் டேக்ரான் என்ற செயற்கை இழைக் குழாய்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 1955இல் தம் வீக்கம் வெடித்தபோது ஐன்ஸ்டைன் அறுவை சிகிச்சையை மறுத்து இறந்தார்.

எந்த அளவில் அறுப்பது?

சிறிய வீக்கத்தை உடனே அறுப்பதா, காத்திருப்பதா என்ற வினாவுக்கு 1998இல் பிரிட்டிஷ் ஆய்வு விடையளித்தது. 4 முதல் 5.5 செ.மீ. வரையிலான வீக்கமுடைய 1,090 பேரில், உடனே அறுவை செய்துகொண்டவர்களுள் 5.8 விழுக்காட்டினர் 30 நாள்களுக்குள் இறந்தனர். நீண்டகால ஆயுளிலும் அவர்களுக்கு ஆதாயமில்லை. 5.5 செ.மீ. என்ற எல்லை இதனால் வலுப்பெற்றது.

தேடிக் கண்டறிதல்

2002இல் வெளியான பல மைய ஆய்வில் 65–74 வயதுடைய சுமார் 67,800 ஆண்கள் இடம்பெற்றனர். ஸ்கேனுக்கு அழைக்கப்பட்ட பாதியினரில் வீக்கத்தால் இறந்தவர்கள் 65 பேர். அழைக்கப்படாத பாதியினரில் 113 பேர். திட்டமிட்ட அறுவைக்குப் பின் 30 நாள் இறப்பு 6 விழுக்காடு. அவசர அறுவைக்குப் பின் 37 விழுக்காடு. ஸ்கிரீனிங் காத்த உயிர்கள் இந்த இடைவெளியிலிருந்தே வந்தன.

2009இல் தொடங்கிய தேசியத் திட்டம் 2013இல் இங்கிலாந்து முழுவதும் பரவியது. 65 வயதாகும் ஆண்களுக்கு அழைப்பு வரும். வயிற்றில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு கருவியால் அளப்பார்கள். 3 செ.மீ.க்குக் கீழ் என்றால் மறு ஸ்கேன் இல்லை, 4.4 வரை ஆண்டுதோறும், 5.4 வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 5.5 ஆனதும் அறுவை மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

பாதுகாப்புக்கான நெருக்கடி

நலமாக இருப்பதாக எண்ணி வந்தவரை அறுவை மேசைக்கு அனுப்பும் திட்டம், அந்த மேசையைப் பாதுகாப்பாக்கவும் கடமைப்பட்டது. 2008இல் திட்டமிட்ட அறுவைக்குப் பின் இறப்பு பிரிட்டனில் 7 விழுக்காட்டுக்கும் மேல். ஐரோப்பியச் சராசரி 3.5. இரத்தநாள அறுவை மருத்துவர்களின் சங்கம் பிரிட்டனின் இறப்பு விகிதத்தைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்து, சில ஆண்டுகளிலேயே எட்டியது. தொடைத் தமனி வழியே ஸ்டென்ட் குழாயைச் செலுத்தும் முறையும் துணைநின்றது. 2004இல் வெளியான ஆய்வில் அம்முறையில் 30 நாள் இறப்பு 1.7, திறந்த அறுவையில் 4.7 விழுக்காடு. ஆனால் ஆண்டுகள் செல்ல அந்த ஆதாயம் கரைந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு தேவைப்பட்டது.

முடிவுரை

2002 ஆய்வில் ஸ்கேன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு வீக்கம் இருந்தது. தேசியத் திட்டத்தில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. புகைபிடித்தல் குறைந்தது இதற்கு முதன்மைக் காரணம். நோய் அரிதாகும்போது ஸ்கிரீனிங்கின் பயனும் சுருங்கும். எனவே இத்திட்டத்தைக் கண்டறிந்த வீக்கங்களின் எண்ணிக்கையால் மதிப்பிடலாகாது. அறுவைக்குப் பின் உயிருடன் வீடு திரும்பி நெடுநாள் வாழ்ந்தவர்களின் கணக்கே அதன் அளவுகோல்.