நீல உடையும் சாம்பல் உடையும்

வரலாற்றை ஏட்டில் படிப்பவர் பலர். அதனை உடுத்திப் பார்ப்பவர் சிலர். அமெரிக்க நாட்டில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அப்போரின் சண்டைகளைத் திறந்த வெளிகளில் நடித்துக் காட்டும் குழுக்கள் அங்குப் பல உண்டு. வடபுலத்தாராக நடிப்பவர் நீல உடையும், தென்புலத்தாராக நடிப்பவர் சாம்பல் உடையும் தரிப்பர். அங்கியின் தையலும் பொத்தானும் அக்காலத்தன போலவே இருக்கவேண்டும் என்பதில் அவர்களுள் பலருக்குப் பேரார்வம். குண்டில்லாத வெடி முழங்கும். வீழ்ந்தவர் மீண்டும் எழுவர்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அன்று என்பதே என் விடை.

போர் தொடங்கிய நூறாம் ஆண்டான 1961-இல், நினைவு விழாக் குழுவினர் சார்லஸ்டன் நகரில் கூட விரும்பினர். நியூஜெர்சி மாநிலத்தின் பிரதிநிதியான கறுப்பினப் பெண்மணிக்கு அங்குள்ள விடுதி இடம் தர மறுத்தது. குடியரசுத் தலைவர் கென்னடி தலையிட, கூட்டம் கடற்படைத் தளத்துக்கு மாறிற்று. அவ்வாண்டு ஜூலையில் மனாசஸ் போர்க்களத்தில், பல்லாயிரவர் காணச் சண்டை நடித்துக் காட்டப்பட்டது. அக்காலத்து விழாக்களில் இரு தரப்பாரின் வீரமும் போற்றப்பட்டது. போருக்கு வேரான அடிமை முறையோ பெரும்பாலும் பேசப்படவில்லை.

தென்புலத்தின் போர்க்கொடியில், செந்நிறத்தின்மீது நீலக் குறுக்குப் பட்டைகளும் விண்மீன்களும் உண்டு. அது முன்னோரின் வீரச் சின்னம் என்பர் சிலர். ஆனால், வெள்ளையருக்குக் கறுப்பர் சமமல்லர் என்பதே தம் புதிய அரசின் மூலைக்கல் என்று, அதன் துணைத் தலைவர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் வெளிப்படையாகவே பேசினார். 2015-இல் சார்லஸ்டன் தேவாலயமொன்றில் கறுப்பினத்தார் ஒன்பதின்மரை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அதன் பின்னரே தென் கரோலினாவின் சட்டமன்ற வளாகத்திலிருந்து அக்கொடி அகற்றப்பட்டது.

மறக்கப்பட்ட மற்றொரு பக்கமும் உண்டு. வடபுலப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தார் பணியாற்றினர். மாசசூசெட்சின் 54-ஆம் படைப்பிரிவு, 1863 ஜூலை 18-இல் வாக்னர் கோட்டையைத் தாக்கிப் பேரிழப்புற்றது. வெள்ளைப் போர்வீரனுக்குத் திங்களுக்கு 13 டாலர். இவர்களுக்கோ 10 டாலர். குறைந்த கூலியைப் பெறோம் என்று அவர்கள் ஊதியத்தையே மறுத்தனர். 1864-இல்தான் சமஊதியச் சட்டம் வந்தது. இவ்வரலாற்றை 1989-இல் ஒரு திரைப்படம் பரப்பியபின், கறுப்பினத்தார் பலர் அதே நீல உடை தரித்துக் களங்களில் அணிவகுக்கலாயினர். அவர்கள் வரவால் அக்காட்சியில் விடுபட்டிருந்த உண்மை நிறைவு பெற்றது.

ஆகவே மாணவர்களே, பழங்கால உடையொன்றைக் காணும்போது, பொத்தான் சரியா என்று மட்டும் கேளாதீர்கள். அது எதன்பொருட்டு அணியப்பட்டது, அன்று களத்தில் நின்றும் இன்று காட்சியில் இல்லாதவர் யாவர் என்றும் கேளுங்கள்.