உழைத்த உடலும் பெருத்த உடலும்

உடல் பருத்தவரைக் கண்டால் உலகம் இரண்டே குற்றங்களைச் சாட்டுகிறது. ஒன்று, அவர் மிகுதியாக உண்கிறார். மற்றொன்று, அவர் சோம்பியிருக்கிறார். இவ்விரண்டையும் விட்டொழித்தால் உடல் தானே மெலிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பேராக் மாநிலத் தமிழரின் வரலாற்றை ஊன்றிப் பார்ப்பவர்க்கு இத்தீர்ப்புப் போதாது என்பது விளங்கும். ஈப்போவின் குடியிருப்புகளில் இன்று எடை மிகுந்து வருந்துவோர் பலருடைய பாட்டனாரும் பாட்டியாரும் எலும்பும் தோலுமாய் நின்று உழைத்தவர்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு சமுதாயத்தின் உடலமைப்பு இவ்வளவு மாறிற்று எனில், அதற்குரிய காரணத்தைத் தனிமனிதரின் நாவில் மட்டும் தேடுவது முறையாகுமா?

பேராக்கின் வடபகுதியாகிய கிரியான் மாவட்டத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர் அங்கே பாடுபட்டுச் சருக்கரைக்கு வழி செய்தனர். 1877-இல் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட ரப்பர்க் கன்றுகளோ பின்னாளில் மாநிலத்தின் முகத்தையே மாற்றின. கரும்பு மறைந்தது, ரப்பர் நிறைந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தபின் கங்காணிமாரே ஆள் திரட்டினர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நீடித்தது.

அக்காலத் தோட்டத் தொழிலாளியின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பின்னர் மேடும் பள்ளமுமான நிரையில் 400, 500 மரங்களைச் சீவ வேண்டும். மீண்டும் அதே வழியே சென்று பாலெடுத்து, வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வுழைப்புக்கு எரிபொருள் சோறு. குழம்பும் கருவாடும் கீரையும் அளவாகவே கிடைத்தன. வயிற்றை நிரப்பியது சோறுதான். அந்தச் சோற்றிலும் ஒரு நன்மை இருந்தது. ஈயச் சுரங்கங்களில் தீட்டிய வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருந்தொகையாக மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட தமிழரை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. மருத்துவர் பிரேடன் 1907-இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டைச் சுட்டினார். பிரேசர், ஸ்டான்டன் ஆகியோர் அக்காலத்திலேயே நடத்திய ஆய்வும் அரிசியே அந்நோயின் காரணம் என்பதை உறுதி செய்தது. உணவின் அளவைப் போலவே அதன் தன்மையும் உடலை ஆள்கிறது என்ற பாடம் இந்நாட்டு மண்ணிலேயே கற்கப்பட்டதாகும்.

பின்னர்ப் பஞ்சம் வந்தது. 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானிய ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. அதே போர்க்காலத்தில், 1944-45 குளிர்காலத்தில், ஆலந்து நாட்டையும் கொடும்பஞ்சம் வாட்டியது. அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்த ஆண்மக்களை அவர்தம் 19-ஆம் அகவையில் ஆராய்ந்தபோது, மற்றவரைவிட அவரிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது. தாயின் பட்டினியைக் கருவிலுள்ள சேயின் உடல் குறித்துவைத்துக்கொள்கிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. 1992-இல் ஆங்கிலேய அறிஞர்களான ஏல்சும் பார்க்கரும் இக்கருத்தை விரித்துரைத்தனர். கருவில் குறைவைக் கண்ட உடல் சேமிக்கப் பழகுகிறது. பிற்காலத்தில் நிறைவைக் காணும்போது அப்பழக்கமே பகையாகிறது என்பது அவர்கள் வாதம்.

நம் மக்களுக்கும் அந்த நிறைவு வந்தது. ஆனால், அது கோணலாக வந்தது. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் ரப்பரை வீழ்த்திச் செம்பனை எழுந்தது. சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் லயங்களில் வாழ்ந்தோர் ஈப்போ போன்ற நகரங்களை நாடினர். மலையேறிய கால்கள் தொழிற்சாலை இயந்திரத்தின்முன் நின்றன, காவற்கொட்டகையில் அமர்ந்தன, லாரியின் மிதிப்பானில் ஊன்றின. உழைப்பின் அளவு சுருங்கியது. உணவின் அளவு சுருங்கவில்லை. கீரைப் பாத்தி போயிற்று. கெட்டிப்பால் கலந்த தேநீரும் எண்ணெயில் புரண்ட ரொட்டி சானாயும் நள்ளிரவிலும் எட்டும் தொலைவில் வந்தன. குறைந்த வருவாய்க்கு மிகுந்த கலோரி தருபவை இவையே.

எண்கள் இதனை உரைக்கின்றன. 1996-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் உடற்பருமன் உடையோர் 4.4 விழுக்காட்டினர். 2023-இல் அது 21.8 விழுக்காடாயிற்று, மிகை எடையினரையும் சேர்த்தால் 54.4 விழுக்காடு. இருபத்தேழு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மனவுறுதி ஐந்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டது என்று எவரேனும் சொல்வரோ? மாறியது மனமன்று, சூழலே.

இன்னொன்றும் கருதத்தக்கது. மருத்துவர் யாக்னிக் 2004-இல் தம்மையும் ஆங்கிலேய நண்பர் யட்கினையும் ஒப்பிட்டுக் காட்டினார். உயரத்துக்கேற்ற எடைக்குறியீடு இருவர்க்கும் 22.3 தான். ஆயின் யட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கினுடையது 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்திய உடலிலும் கொழுப்பு மறைந்திருக்கலாம். ஆதலின் ஆசிய மக்களுக்கு 23 என்ற அளவிலேயே எச்சரிக்கை தேவை என உலக நலவாழ்வு நிறுவன வல்லுநர் குழு அதே ஆண்டில் அறிவுறுத்தியது.

இனி, ஏறிய எடை இறங்க மறுப்பது ஏன்? 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் சுரப்புநீர் கொழுப்பிலிருந்து சுரந்து மூளைக்கு இருப்புக் கணக்கை அறிவிக்கிறது. கொழுப்புக் குறைந்தால் லெப்டின் குறைகிறது. மூளை அதனைப் பஞ்சம் என்றே கொள்கிறது. பசி மிகுகிறது, உடல் எரிக்கும் ஆற்றலோ குறைகிறது. அமெரிக்காவில் எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரைக் கெவின் ஹால் குழுவினர் ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். ஆறாண்டுகள் கழிந்தும், அவர்தம் உடல்கள் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்தன. இழந்த எடையின் பெரும்பகுதியும் பலரிடம் திரும்பிவிட்டது. அண்மையில் வந்துள்ள செமாகுளுட்டைடு ஊசி பசியைத் தணித்து எடையைக் குறைக்கிறது. எனினும் அதனை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பட்டினியைக் கடந்து வாழக் கற்ற உடல், சேமித்ததை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

அவ்வாறாயின் முயற்சி வீணா? அன்று. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வு நமக்கு ஒளி தருகிறது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேருள், நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்ட பிரிவினர்க்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பென்னவெனில் அவர்கள் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தராசின் முள் அசையாதபோதும் உடலினுள் நன்மை விளைந்துகொண்டிருந்தது. எடை இறங்கவில்லையே என்று நடையைக் கைவிடுவோர் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்தைப் பேசப் புகுந்து, உணவின் அளவையே பெரிதும் பேசுகிறது. அவ்வறிவுரை தனிமனிதர்க்கு உரியது, என்றும் பொருந்துவது. ஆனால் சமுதாயத்துக்கும் அரசுக்கும் ஒரு கடன் உண்டு. 2019-இல் சருக்கரைப் பானங்களுக்கு வரி விதிக்கப்பட்டது அக்கடனின் ஒரு பகுதியே. அஞ்சாமல் நடப்பதற்கு நிழலுள்ள பாதையும், எளியவர் வாங்கத்தக்க விலையில் காய்கறியும் அதன் எஞ்சிய பகுதிகள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. வகுப்பில் பருத்த பிள்ளையைப் பட்டப்பெயரிட்டு அழைக்கும் நகைப்பை முதலில் நிறுத்த வேண்டும். ஏளனம் எந்த உடலையும் இளைக்கச் செய்ததில்லை. சிற்றுண்டிச்சாலையில் இனிப்புநீரின் இடத்தில் குடிநீர் வைக்க வேண்டும். தேர்வு நெருங்கியதென்று உடற்கல்வி நேரத்தைப் பறிக்காதிருக்க வேண்டும். இவற்றோடு, மாணவர்தம் பாட்டனார் எவ்வளவு தொலைவு நடந்தார், என்ன உண்டார் என்பதைக் கேட்டெழுதச் செய்யலாம். தம் உடல் ஒரு குற்றமன்று, அது நெடிய வரலாற்றின் விளைவு என்றறியும் பிள்ளை, அதனை வெறுக்காமல் பேணக் கற்றுக்கொள்ளும்.