சுல்தானுக்கு எதிராக ஒரு காஜியின் சாட்சி

மதுரை சுல்தான்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சி அந்த நாற்பது சொச்ச ஆண்டுகளின் கொடுமைகளை அடுக்கி, இஸ்லாமிய ஆட்சி என்றாலே இதுதான் என்று முடிவுகட்டுகிறது. மறு கட்சி, கொடுமைகளைச் சொன்னவர்கள் எல்லாம் எதிரிகள், கங்காதேவியின் 'மதுரா விஜயம்', மதுரையை வென்ற விஜயநகர இளவரசனின் மனைவி பாடிய காவியம், அதை வைத்து வரலாறு எழுத முடியாது என்று ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டு கட்சியும் ஒரு சாட்சியை உரிய இடத்தில் வைக்கவில்லை. மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்து மாலிக்கி சட்டம் பயின்று, டெல்லியிலும் மாலத்தீவிலும் காஜியாக, அதாவது நீதிபதியாக, இருந்த இப்னு பதூதா 1344 வாக்கில் மாபார் எனும் தமிழகக் கிழக்குக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட கியாசுதீன் தாமகானி அவருக்குச் சகலை முறை. இருவரும் முதல் சுல்தான் ஜலாலுதீன் அஹ்சன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். அந்த உறவுக்காரர் சொன்னதைவிடக் கடுமையாக எந்த எதிரியும் கியாசுதீனைப் பற்றிச் சொல்லவில்லை. குர்ஆனும் நபிமொழியும் அரசனுக்கு வகுத்த நெறி மதுரைச் சமவெளியில் என்ன ஆயிற்று என்று கேட்பவர் அந்த வாக்குமூலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த நெறி என்ன என்பதைப் பார்ப்போம். அமானிதத்தை (நம்பி ஒப்படைக்கப்பட்டதை) உரியவரிடம் ஒப்படையுங்கள், மக்களிடையே தீர்ப்புச் சொன்னால் நீதியோடு சொல்லுங்கள் என்பது குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் கட்டளை. ஐந்தாம் அத்தியாயம் உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சொல்லித் தொடங்குகிறது. ஒரு கூட்டத்தார் மேல் உள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று சற்றுத் தள்ளி எச்சரிக்கிறது. போரிலும் வரம்பு மீறக் கூடாது என்பது இரண்டாம் அத்தியாயம். போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதையும், உடலைச் சிதைப்பதையும் நபிகள் தடுத்தார் என்பதை ஹதீஸ் தொகுப்புகள் பதிந்திருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டிலேயே காஜி அபூ யூசுப், கலீபா ஹாரூன் அல் ரஷீதுக்காக எழுதிய வரி நூலில், முஸ்லிமல்லாத குடிகளிடம் வரி வாங்க அவர்களை அடிக்கவோ வெயிலில் நிறுத்தவோ கூடாது என்று விதித்தார். மதுரையில் சுல்தான் ஆட்சி ஏற்படும்போது இவையெல்லாம் ஐந்நூறு ஆண்டுப் பழமையான, ஓதிக் கற்பிக்கப்பட்ட சட்டம்.

கியாசுதீன் செய்தது இது. ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளர், சுல்தானின் படை காத்துநின்ற கண்ணனூர்க் கொப்பம் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அவருக்கு அப்போது எண்பது வயது என்கிறார் பதூதா. அவர் படையில் இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்று சொல்கிறார். (இந்தப் போரை இரு மதங்களின் போராகச் சுருக்குகிறவர்கள் அந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.) கோட்டைக்குள் உணவு தீரும் நிலையில், உள்ளிருந்தவர்கள் சுல்தானின் கருத்தைக் கேட்கப் பதினான்கு நாள் அவகாசம் வாங்கினார்கள். அந்த அவகாசத்துக்குள் கியாசுதீன் மதுரையிலிருந்து வந்து, பகல் தூக்கத்தில் இருந்த பாசறையைத் தாக்கினார். பிடிபட்ட வல்லாளரிடம் விடுதலை செய்வதாகச் சொல்லிச் செல்வம், யானை, குதிரை எல்லாவற்றையும் கறந்துகொண்ட பிறகு, 1342இல் அவரைக் கொன்று தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அது தொங்கியதைத் தாமே பார்த்ததாகப் பதூதா எழுதுகிறார். காட்டு வழியில் பிடித்த குடிமக்களைச் சுல்தான் தம் பாசறையின் நான்கு வாசல்களிலும் கழுவேற்றியதையும், அவர்களுடைய மனைவி மக்களையும் அங்கேயே கொன்றதையும் அவர் பார்த்தார். இவ்வளவு அருவருப்பான செயலை வேறெந்த அரசரும் செய்து தாம் அறிந்ததில்லை என்றும், இதற்காகவே இறைவன் அவர் சாவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்புச் சொல்கிறார். வாக்குறுதி, போரின் வரம்பு, சிறைபட்டவர் உயிர், சடலத்தின் மரியாதை ஆகிய நான்கிலும் சுல்தான் தம் சொந்த வேதத்தின் கட்டளையை முறித்தார். நாற்பது சொச்ச ஆண்டு ஆட்சி முழுவதையும் ஒரு சுல்தானை வைத்து அளப்பதும் சரியில்லைதான். ஆனால் அளவுகோல் எது என்பதில் ஐயமில்லை.

இன்றைய மனிதநேயத்தைப் பழைய நூலில் ஏற்றிப் படிக்கிறீர்கள், வேத வசனங்களில் உங்களுக்குப் பிடித்தவற்றைப் பொறுக்குகிறீர்கள் என்று மறுக்கலாம். பதூதாவே இதற்கு விடை. அவர் நம் காலத்து மனிதநேயர் அல்லர். அடிமைகளை வாங்கியவர், 'காபிர்'கள் மீதான படையெடுப்பைத் தயக்கமின்றிப் போற்றியவர், கியாசுதீனோடு சேர்ந்து மாலத்தீவின் மேல் படை அனுப்பத் திட்டமிட்டவர். அப்படிப்பட்டவருக்கே குழந்தைகளைக் கொன்றது பொறுக்கவில்லை என்றால், அந்த வரம்பு அவர் கற்ற கல்விக்குள்ளேயே இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும். அந்தக் காலத்து அரசர்கள் எல்லோரும் அப்படித்தான் என்பார்கள் வேறு சிலர். முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தியதை அவன் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒப்பீட்டால் கியாசுதீனின் பழி குறையாது. பகையைக் காரணம் காட்டி நீதி தவறாதே என்ற கட்டளையில், எதிரியும் அப்படித்தான் செய்தான் என்பதற்கு இடமில்லை.

இவற்றைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: இவ்வளவு அறிந்த பதூதா சுல்தானின் முகத்துக்கு நேரே ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை? சுல்தானுக்கு வலப்பக்கம் காஜியும் இடப்பக்கம் தாமுமாக உணவருந்திக்கொண்டிருந்தபோது, ஒரு மனிதனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து தலை வெட்ட உத்தரவானது. தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவரே எழுதுகிறார். கண்டனமெல்லாம் பிறகு, மொராக்கோவின் பாஸ் நகரில், 1355இல் முடிந்த நூலில்தான். சட்டம் கற்றவர்கள் இருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தும் ஒரு சிறுவனைக் காக்க முடியவில்லை. வேதநெறி தோற்ற இடம் இதுதான். அதில் குறையில்லை, அதைச் சொல்ல வேண்டியவர் அரசரின் சோற்றில் இருந்தார். இதற்கு மாறாக, டெல்லியில் காஜி முகீசுதீன் சுல்தான் அலாவுதீன் கில்ஜியிடம், தேவகிரியில் கொள்ளையடித்த செல்வம் உமக்குச் சொந்தமல்ல, பொதுக் கருவூலத்துக்கே சேரும் என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி எழுதுகிறார். காஜியின் தலை போகவில்லை. ஆனால் எது ஷரீயத்துக்கு ஏற்றது என்று எனக்குத் தெரியாது, அரசுக்கு நல்லது என்று படுவதையே ஆணையிடுகிறேன் என்றாராம் கில்ஜி. அந்தக் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர்தான் 1311இல் மதுரைக்கு வந்தவர். மதுரை சுல்தான்கள் டெல்லியிடமிருந்து வாங்கிவந்தது கில்ஜியின் பதிலை. முகீசுதீனின் துணிவை அல்ல. கலந்தாலோசித்து நடத்தச் சொன்ன வேதத்துக்கு அவர்களுடைய அரண்மனையில் ஓர் அவை அமைந்ததாகத் தெரியவில்லை. அஹ்சன் ஷாவுக்குப் பின் வந்தவர்களில் கொலையாலும் உள்சதியாலும் மாறியவர்களும் உண்டு.

அதே மதுரையில் அந்த நெறியின் ஒரு பகுதி நெடுநாள் பிழைத்தது, வேறு ஆட்சிகளின் கீழ். சுல்தான்கள் வருமுன்பே பாண்டிய நாட்டில் அரபு வணிகர்கள் குதிரை விற்றார்கள். கடலில் இறந்த குதிரைக்கும் பேசிய விலை கொடுக்கப்பட்டது என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். உடன்படிக்கையை நிறைவேற்று என்ற கட்டளைக்கு இதைவிடத் தெளிவான நடைமுறை கிடைப்பது அரிது. அதை நிறைவேற்றியவன் சைவ அரசன். மதுரை காஜிமார் பெரிய பள்ளிவாசல், காஜி சையது தாஜுதீன் பாண்டியனிடம் நிலம் பெற்றுக் கட்டியது என்பது மரபு. அவர் வழியினர் காஜிகளாக நீடித்தார்கள். கோரிப்பாளையம் தர்காவின் கல்வெட்டு இன்னும் உறுதியானது. கூன் பாண்டியன் காலத்தில் தர்காவுக்கு வந்த கிராமங்களைப் பற்றி வழக்கு எழ, 1573இல் வீரப்ப நாயக்கர் விசாரித்து அந்த உரிமையை உறுதிப்படுத்தினார் என்கிறது அது. சுல்தானியம் அழிந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தர்காவுக்குப் பின்னால் எந்தப் படையும் இல்லை. விஜயநகர வழிவந்த நாயக்கருக்கு, பழைய பகையை நினைத்து அந்த நிலத்தைப் பறித்துக்கொள்ளத் தடையும் இல்லை. அவர் முந்தைய கொடையை விசாரித்து, உரியவரிடமே விட்டார். அவர் குர்ஆனைப் படித்து அப்படிச் செய்தார் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். தமிழ் அரசர்களின் தரும மரபில் முன்னோர் கொடையைக் காப்பது பெரிய கடமை, அதன்படி செய்தார். எனினும் நான்காம் அத்தியாயத்தின் அந்தக் கட்டளையைக் கையில் வைத்து மதுரையை ஆண்டவர்களை வரிசைப்படுத்தினால், கியாசுதீன் தாமகானிக்கு வெகு தொலைவு மேலே வீரப்ப நாயக்கரை வைக்க வேண்டிவரும். தீர்ப்புச் சொல்லும் அந்தக் காஜிக்கு, தம் சகலையைப் பற்றி எழுதியவருக்கு, இதில் மறுப்பு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.