ஓசூர் வானத்தில் பறந்த டிரான்ஸ்வெர்ட்டர்

ஓசூர் தொழில் வரலாறு என்றால் சிப்காட், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்றுதான் ஆரம்பிப்போம். என் குறிப்புகளும் அப்படித்தான். ஆனால் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி நாற்பது கிலோமீட்டரில், பெங்களூரு ஐ.எஸ்.ஆர்.ஓ. செயற்கைக்கோள் மையத்தில், ஹாம் ரேடியோக்காரர்களுக்கென்றே ஒரு செயற்கைக்கோள் உருவானது. பெயர் ஹாம்சாட். 2005 மே 5 அன்று, கார்ட்டோசாட்-1 கூடவே பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. எடை 42.5 கிலோ. மேலே போனதும் உலக ஹாம்கள் அதற்கு வி.ஓ.-52 என்று எண் கொடுத்தார்கள்.

அதன் கதை புரிய முதலில் டிரான்ஸ்வெர்ட்டர் என்ன என்று பார்த்துவிடலாம். ஹாம் கையில் இருக்கும் செட் சில அலைவரிசைகளில்தான் பேசும். வேறு அலைவரிசை வேண்டுமென்றால் புது செட் வாங்கணும். இல்லையென்றால் செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒரு பெட்டி வைக்கணும். அந்தப் பெட்டிதான் டிரான்ஸ்வெர்ட்டர். உள்ளே ஒரு ஆசிலேட்டர் 116 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வையுங்கள். செட்டிலிருந்து வரும் 28-உடன் அதைக் கலந்தால் 144 ஆகி ஆன்டெனாவுக்குப் போகும். ஆன்டெனாவில் வரும் 144-ல் 116-ஐக் கழித்தால் மறுபடி 28 ஆகிச் செட்டுக்கு வரும். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தெலுங்கில் கேட்டதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, கன்னடத்தில் வந்த பதிலைத் தெலுங்கிலேயே திருப்பித் தருகிறவர் மாதிரி. விஷயம் மாறாது, மொழிதான் மாறும்.

இப்போது ஹாம்சாட்டைப் பாருங்கள். கீழிருந்து 435.25 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வருகிற பேச்சை வாங்கி, 145.9 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். 60 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எத்தனை பேர் பேசினாலும் மொத்தமாக இடம் மாற்றிக் கீழே விடும். அதுவும் ஒரு டிரான்ஸ்வெர்ட்டர்தான். 600 கிலோமீட்டருக்கு மேலே பறந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே இந்த வேலைக்கு இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்தியாவில் செய்தது. இன்னொன்றைச் செய்தவர் வில்லியம் லெயெனார் என்ற நெதர்லாந்துப் பொறியியல் மாணவர். ஒரு நாட்டின் விண்வெளி நிறுவனம் வெளிநாட்டு மாணவர் ஒருவரின் கருவியைத் தன் செயற்கைக்கோளில் ஏற்றியது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த இரண்டு அலைவரிசைகள். 145-ம் 435-ம் சாதாரண ஹாம்கள் கையில் ஏற்கெனவே இருந்தவை. கையால் பிடித்துத் திருப்புகிற சின்ன யாகி ஆன்டெனா, சில வாட் சக்தி, இவ்வளவு இருந்தால் மொட்டை மாடியிலிருந்து பேசிவிடலாம். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடந்து போக அதிகபட்சம் கால் மணி நேரம். அது நெருங்கி விலகுவதால் 435-ல் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை அலைவரிசை நகரும். குமிழைத் திருகிக்கொண்டே பேச வேண்டும். இருந்தாலும் புதுப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம்.

ஒன்பது ஆண்டு ஓடியது. பேட்டரி செத்துப்போக, 2014 ஜூலையில் பணி முடிந்ததாக அறிவித்தார்கள். 2019 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி-45-ன் நான்காம் கட்டத்தில் ஆம்சாட் இந்தியாவின் கருவி ஒன்று போனது. ஆனால் அது தரவுச் செய்திகளுக்கானது, வாய்ப்பேச்சுக்கு அல்ல.

இதற்குள் வேறொரு வாசல் திறந்திருந்தது. 2018 நவம்பர் 15 அன்று கத்தாரின் எஸ்ஹெயில்-2 ஏவப்பட்டது. டிவி செயற்கைக்கோளான அதில் ஹாம்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தப் பகுதிக்கு கியூ.ஓ.-100 என்று பெயர். நிலநடுக்கோட்டுக்கு மேல், கிழக்கே சுமார் 26 டிகிரியில் நிற்கிறது. ஓசூருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மேற்கிலிருந்து பத்து டிகிரி தெற்கே தள்ளி, அடிவானத்திலிருந்து 29 டிகிரி உயரம். நாள் முழுக்க அங்கேயேதான். துரத்த வேண்டாம், குமிழ் திருக வேண்டாம்.

ஆனால் மேலே அனுப்ப 2400 மெகாஹெர்ட்ஸ், கீழே வருவது 10,489 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். பெரும்பாலான வீட்டு ஹாம் செட்டுகளில் இவை கிடையாது. கேட்பதற்கு டிவி டிஷ்ஷின் எல்.என்.பி. போதும். அனுப்ப, 432-ல் பேசும் செட்டோடு 1968 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் உள்ள டிரான்ஸ்வெர்ட்டரைச் சேர்த்தால் 2400 வந்துவிடும். (நம் உரிமத்தில் எந்த அலைவரிசைக்கு அனுமதி என்று பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொடணும்.)

இங்கேதான் ஓசூர் மறுபடி உள்ளே வருகிறது. டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையில் குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பெருமளவில் செய்தது. பெங்களூரு எச்.எம்.டி. பெரிதும் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே நம்பியிருந்த காலம் அது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். டிரான்ஸ்வெர்ட்டர் ஆசிலேட்டரின் உயிரும் அதே குவார்ட்ஸ்தான். மாதம் 15 நொடி பிசகுகிற கடிகாரம் நமக்குப் பரவாயில்லை. பத்து லட்சத்தில் சுமார் ஆறு பங்கு பிழை, அவ்வளவுதான். அதே பிழை 435 மெகாஹெர்ட்ஸில் இரண்டரை கிலோஹெர்ட்ஸ். கொஞ்சம் திருகினால் சரியாகும். 10,489-ல் அது அறுபது கிலோஹெர்ட்ஸ். ஒருவர் பேச்சுக்கு மூன்று கிலோஹெர்ட்ஸ் கூடத் தேவையில்லை என்னும்போது, இருபது பேர் தள்ளிப் போய் நிற்போம். வெயிலில் எல்.என்.பி. சூடானால் இன்னும் நகரும். அதனால்தான் கியூ.ஓ.-100 ஆட்கள் பலர் ஜி.பி.எஸ். சமிக்ஞையோடு ஆசிலேட்டரைப் பூட்டி வைக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இது. இரண்டு செயற்கைக்கோளும் அலைவரிசையை மாற்றுகிற வேலையைத்தான் செய்கின்றன. ஹாம்சாட், தரையில் இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற அலைவரிசையில் போனது. கியூ.ஓ.-100 மூன்றில் ஒரு பங்கு உலகத்தைக் காட்டுகிறது. பதிலுக்கு, ஏறி வருகிற ஏணியை நம்மையே செய்துகொள்ளச் சொல்கிறது. டிரான்ஸ்வெர்ட்டர் அந்த ஏணி. அதைச் செய்யத் தெரிந்த கைகள் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஷிப்டு ஷிப்டாக வேலை பார்க்கின்றன. பள்ளி, பாலிடெக்னிக் பசங்களுக்கு முதல் நாளே இவ்வளவு பெரிய ஏணியைக் காட்டினால் பாதிப்பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்களுக்கு 145, 435-ல் பேசுகிற இன்னொரு ஹாம்சாட் வேண்டும்.